எச்சரிக்கும் குரல் : பொழுதுபோக்கு வானொலியும் கடலோர ஊர்களும்

முன்னுரை

மாந்தர் ஓய்வுப் பொழுதில் மேற்கொள்ளும் ஆர்வங்கள் பலவகைப்படும். அஞ்சல்தலை சேர்ப்பார், நாணயம் சேர்ப்பார், பழஞ்சுவடி சேர்ப்பார் எனப் பலரை நாம் அறிவோம். அபாய காலத்தில் மக்களை எச்சரிக்கும் கருவிகளைத் தம் இல்லத்தில் வாங்கி வைத்து, பழுதுபார்த்து, இயக்கிப் பயிலும் ஆர்வலரும் உலகில் உளர். அவர்தம் ஆர்வம் முதற்பார்வைக்கு விந்தையாகத் தோன்றலாம். எனினும், வரிச்சிக்குடி போன்று கடலுக்கு அண்மையில் அமைந்த ஊர்களில் வாழும் நமக்கு அது வெறும் விந்தையன்று. அவ்வார்வத்தின் பயன் யாது, எல்லை யாது, அதனால் விளையக்கூடிய தீங்கு யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அறிவிக்கும் மரபு

ஊராருக்குச் செய்தி அறிவித்தல் தமிழர்க்குப் புதிதன்று. பண்டைநாளில் முரசறைவோன் யானைமீதமர்ந்து விழாச் செய்தியை நகருக்கு அறிவித்தமையை மணிமேகலையின் விழாவறை காதை விரித்துரைக்கிறது. அக்காப்பியமே, இந்திரவிழா நின்றுபோனமையால் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது என்றும் கூறுகிறது. அப்பட்டினம் நமக்கு வடக்கே, தரங்கம்பாடியைக் கடந்தவுடன் அமைந்திருந்தது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. அறிவிக்கும் முரசும் அழிக்கும் கடலும் ஒரே காப்பியத்துள் இடம்பெற்றிருத்தல் எண்ணத்தக்க செய்தியாகும். பிற்காலத்தில் ஊர்ப்புறங்களில் தண்டோராவும், நகரங்களில் நகராட்சிச் சங்கும் அப்பணியை ஏற்றன.

இசுலாமிய மரபிலும் அழைப்பு முறை பற்றிய ஆலோசனை தொடக்கத்திலேயே நிகழ்ந்தது. தொழுகைக்கு மக்களை அழைக்கும் வழியாது என மதீனாவில் ஆராயப்பட்டபோது, கொம்பு ஊதலாம், மணி அடிக்கலாம், தீ மூட்டலாம் என்றெல்லாம் கருத்துகள் எழுந்தன. முடிவில் மனிதக் குரலே தெரிவு செய்யப்பட்டது. பிலால் (ரலி) அவர்களின் குரல் முதல் பாங்கொலியாக ஒலித்தது. கருவியின் ஓசையினும் பொருளுணர்த்தும் குரலே மக்களை எளிதிற் சென்றடையும் என்னும் உண்மை இந்நிகழ்ச்சியால் நமக்குப் புலனாகிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஸஃபா குன்றின்மீதேறிக் குறைஷியரை அழைத்த நிகழ்ச்சியும் நம் பொருளோடு நெருங்கிய தொடர்புடையது. இம்மலைக்கு அப்பால் ஒரு குதிரைப்படை உங்களைத் தாக்க வந்துகொண்டிருக்கிறது என்று நான் கூறினால் நம்புவீர்களா எனப் பெருமானார் வினவினார்கள். தங்களிடம் உண்மையையன்றி வேறெதையும் நாங்கள் கண்டதில்லை என அவர்கள் விடையிறுத்தனர். எச்சரிக்கையின் உயிர்நாடி நம்பகமே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. நம்பகம் ஆபத்து வந்த நாளில் தோன்றுவதன்று. அதற்கு முன்னரே ஈட்டப்பட்டிருத்தல் வேண்டும்.

கூண்டு சொல்லும் செய்தி

நம் கடற்கரையில் நெடுங்காலமாக வழங்கிவரும் எச்சரிக்கைக் கருவி துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டாகும். இந்தியத் துறைமுகங்களுள் புயல் எச்சரிக்கை முறை முதன்முதலாகக் கல்கத்தாவில் 1865ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு அந்நகரைப் பெரும்புயல் ஒன்று சீரழித்திருந்தது. பகலில் கூம்பும் உருளையுமான வடிவங்களும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் கொடிமரத்தில் ஏற்றப்படும். எண்கள் ஒன்று முதல் பதினொன்று வரை அமைந்துள்ளன. ஒன்றாம் எண் தொலைவிலுள்ள புயற்சின்னத்தைக் குறிக்கும். பத்தாம் எண் மிகப் பேரபாயத்தைக் குறிக்கும்.

பதினோராம் எண்ணின் பொருளைப் பலர் அறியார். வானிலை எச்சரிக்கை நிலையத்தோடு இருந்த தொடர்பு அறுந்துபோயிற்று என்பதே அதன் பொருள். தொடர்பு அறுதலைப் பத்துக்கு மேற்பட்ட அபாயமாக முன்னோர் வைத்தனர். எச்சரிக்கை வாராமை வேறு, ஆபத்து இல்லாமை வேறு என்னும் அரிய பாடத்தை அவ்வெண் நமக்குக் கற்பிக்கிறது. பொழுதுபோக்கு வானொலியாளர் பணிக்கு வருவது சரியாக இந்தப் பதினோராம் எண்ணின் வேளையிலேயாகும்.

சென்னையில் எழுந்த ஆர்வம்

தமிழகத்தில் வானொலி என்பதே ஆர்வலரின் பொழுதுபோக்கிலிருந்து பிறந்தது என்பதை மாணவர் பலர் அறிந்திருக்க மாட்டார். சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோரின் முயற்சியால் 1924ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் சென்னை மாகாண வானொலிச் சங்கம் நிறுவப்பெற்றது. அவ்வாண்டு சூலை 31ஆம் நாள் அதன் ஒலிபரப்புத் தொடங்கியது. பொருள்முடையால் 1927இல் சங்கம் ஓய்ந்தது. அதன் கருவிகளைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி, 1930 ஏப்ரல் முதல் நாள் தன் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. 1938 சூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் அப்பணியை ஏற்றது. ஒருசிலரின் வீட்டு ஆர்வம் பதினான்கு ஆண்டுகளில் பொதுமக்களின் நிறுவனமாக மலர்ந்த வரலாறு இது.

வைத்திருத்தலும் இயக்குதலும்

இன்று இவ்வார்வலர்கள் அமெச்சூர் வானொலியாளர் அல்லது ஹாம் என அழைக்கப்பெறுகின்றனர். ஓர் அனுப்பி-ஏற்பிக் கருவி, ஒரு மின்கலம், இரு மரங்களுக்கிடையே கட்டிய கம்பியாலான வான்வாங்கி ஆகியவை போதும். 7 மெகாஹெர்ட்ஸ், 14 மெகாஹெர்ட்ஸ் போன்ற சிற்றலை வரிசைகளில் அலைகள் வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பித் தொலைநாடுகளை அடையும். 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வரிசையில் கையடக்கக் கருவிகொண்டு அண்டை ஊர்களோடு பேசலாம். இடையே கோபுரமும் வேண்டா. மின்வாரியத்தின் மின்சாரமும் வேண்டா. இதுவே இதன் சிறப்பு.

எனினும், ஆசைப்பட்டவர் எல்லாம் வாங்கி இயக்கத்தக்க பொருளன்று இது. வானொலிக் கருவியை உரிமமின்றி வைத்திருத்தலையே 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் குற்றமாக்கியது. அச்சட்டத்திற்கும் 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்திற்கும் மாற்றாக 2023இல் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பெற்றது. நடுவண் அரசு நடத்தும் தேர்வில் வென்றவர்க்கே உரிமமும் அழைப்புக் குறியும் வழங்கப்படும். பன்னிரண்டு வயது நிறைந்த மாணவரும் தேர்வெழுதலாம். முன்னாள் தலைமை அமைச்சர் இராஜீவ் காந்தி அவர்களும் அழைப்புக் குறி பெற்ற ஓர் ஆர்வலராக விளங்கினார்.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர்தல் வேண்டும். தொடர்பு வேறு, ஒலிபரப்பு வேறு. ஹாம் உரிமம் பெற்றவர் மற்றோர் ஆர்வலரோடு தொடர்பு கொள்ளலாம். ஆபத்து வேளையில் செய்தியைக் கொண்டு சேர்க்கலாம். பொதுமக்களை நோக்கி ஒலிபரப்பு நிகழ்த்த அவர்க்கு உரிமையில்லை. ஊராரை விளித்துப் பேசும் பொறுப்பு வானொலி நிலையத்திற்கும், அரசு அலுவலர்க்கும், ஊர்ப் பொறுப்பாளர்க்கும் உரியது.

அமெரிக்க நாட்டில் வானொலி நிலையங்கள் பயன்படுத்திக் கழித்த எச்சரிக்கைக் கருவிகளைச் சேர்க்கும் ஆர்வலர் உள்ளனர். 853, 960 ஹெர்ட்ஸ் கொண்ட இரட்டை ஓசை அந்நாட்டு மக்களின் காதில் அபாயத்தின் அடையாளமாகப் பதிந்துள்ளது. அக்கருவியைத் தம் அறையில் வைத்துப் பயிலுதல் அறிவு வளர்ச்சிக்கு உதவும். ஆனால் அவ்வோசையை உண்மையான ஆபத்தோ முறையான சோதனையோ இன்றி ஒலிபரப்புதல் அந்நாட்டு விதிகளின்படி தண்டனைக்குரியது. காரணம் வெளிப்படை. 2018 சனவரி 13ஆம் நாள் ஹவாய் தீவுகளில், ஏவுகணை வருகிறது என்னும் பொய்யான எச்சரிக்கை அரசு அலுவலகத்திலிருந்தே தவறுதலாக அனுப்பப்பெற்றது. அது தவறு என்னும் மறுசெய்தி கைப்பேசிகளுக்கு வந்து சேர 38 நிமிடங்கள் ஆயின. அந்நேரம் முழுவதும் பெற்றோர் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு மறைவிடம் தேடினர். புலி வருகிறது என்று கூவிய சிறுவனின் கதை நமக்குத் தெரிந்ததே. பொய்யெச்சரிக்கையின் தீங்கு அன்றோடு முடிவதன்று. அடுத்தமுறை உண்மையாகப் புலி வரும்போது எவரும் எழுந்து ஓடமாட்டார்.

2004 டிசம்பர் 26

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை இந்திய நேரம் 6.29க்குச் சுமத்திரா அருகே கடலடி நிலநடுக்கம் ஏற்பட்டது. ஆழிப்பேரலை சோழமண்டலக் கடற்கரையை அடைய இரண்டு மணிநேரத்திற்கும் மேலாயிற்று. காரைக்கால்மேடு முதலிய நம் மீனவ ஊர்கள் அவ்விரண்டு மணிநேரத்தில் யாதொரு செய்தியும் பெறவில்லை. காரைக்கால் பகுதியில் மட்டும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். காலம் இருந்தது, ஓடுவதற்கு வழியும் இருந்தது, சொல்வதற்குக் குரல்தான் இல்லை.

அதே நாளில், அதே புதுவை ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த நல்லவாடு என்னும் மீனவ ஊரில் நிகழ்ந்தது வேறு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுவை ஊர்களில் தகவல் மையங்களை அமைத்து வந்தது. அவ்வூர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் தொலைக்காட்சி வழியாகச் செய்தியறிந்து, ஊருக்குத் தொலைபேசியில் பேசினார். ஊரார் தகவல் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் எச்சரித்தனர். வீடுகளும் படகுகளும் அழிந்தன. மூவாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட ஊர்மக்கள் உயிர் தப்பினர்.

அந்த ஒலிபெருக்கியை மக்கள் ஏன் நம்பினர் என்பதே நாம் சிந்திக்க வேண்டிய வினா. இத்தகைய தகவல் மையங்கள் கடலலையின் உயரம் போன்ற அன்றாடச் செய்திகளை மீனவர்க்கு ஒலிபெருக்கியில் அறிவித்து வந்தன. பழகிய குரலாதலின் ஆபத்து நாளில் ஐயம் எழவில்லை. ஆண்டுக்கொருமுறை துடைத்து வைக்கப்படும் கருவியினும் அன்றாடம் பேசும் கருவியே உயிர் காக்கும்.

அதே காலைப் பொழுதில் போர்ட் பிளேயரில் பாரதி பிரசாத் அவர்கள் தலைமையில் ஹாம் ஆர்வலர் குழுவொன்று தங்கியிருந்தது. பொழுதுபோக்காக உலக நாடுகளோடு தொடர்பு கொள்ளவே அவர்கள் அந்தமான் சென்றிருந்தனர். தொலைபேசிகள் செயலிழந்தவுடன், அக்கருவிகளே தீவுக்கும் தாய்நாட்டுக்கும் இடையே செய்தி சுமந்தன. 1999ஆம் ஆண்டின் ஒடிசாப் பெரும்புயலிலும், 2001ஆம் ஆண்டின் குசராத் நிலநடுக்கத்திலும் ஆர்வலர் ஆற்றிய தொண்டும் இத்தகையதே.

இன்றைய நிலை

2007இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் நிறுவப்பெற்றது. காரைக்காலிலேயே வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் இயங்குகிறது. காரைக்கால் பண்பலை வானொலி நம் வீடுகளில் ஒலிக்கிறது. 2023இல் கைப்பேசிகள் அனைத்திலும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை ஒலிக்கும் முறை நாடெங்கும் சோதிக்கப்பட்டது. ஆகவே, செய்தி நம் மாவட்டம் வரை வந்து சேரும் என்பதில் ஐயமில்லை.

ஐயம் அதன்பின்னரே எழுகிறது. 2018 நவம்பர் 16இல் வேதாரணியத்திற்கு அருகே கரைகடந்த கஜா புயலின்போது மின்கம்பங்கள் வீழ்ந்தன. கைப்பேசிகள் பல ஊர்களில் நாட்கணக்கில் ஊமையாயின. மேலும், நம் நிருவாகத் தலைநகர் புதுச்சேரி. வடக்கே தரங்கம்பாடியும் தெற்கே நாகூரும் தமிழ்நாட்டு மாவட்டங்களைச் சேர்ந்தவை. அலுவலகங்களுக்கு எல்லை உண்டு, புயலுக்கு எல்லையில்லை. தொடர்பு அறுந்த ஊர்களை எல்லை பாராது இணைக்கவல்ல தன்னார்வலர் நமக்குத் தேவை.

செய்யத்தக்கன

முதலாவதாக, நம் கல்லூரிகளில் வானொலிச் சங்கம் ஒன்று தொடங்கப்பெறல் வேண்டும். இயற்பியல் மாணவர் கருவியைக் கற்கட்டும். தமிழ் மாணவர் சுருங்கச் சொல்லி விளங்க வைக்கும் அறிவிப்பு மொழியைக் கற்கட்டும். என்ன ஆபத்து, எப்போது, எவ்விடம் செல்வது, யார் சொன்னது என்னும் நான்கும் இரண்டு வாக்கியங்களில் அடங்குதல் வேண்டும். அது எளிதன்று, பயிற்சியால் வருவது.

இரண்டாவதாக, பள்ளிவாசல், கோயில், தேவாலயம், மீனவர் பஞ்சாயத்து ஆகியவற்றின் ஒலிபெருக்கிகள் ஆபத்து நாளில் ஒரே செய்தியைக் கூறுமாறு பெரியோர் கூடி உடன்பாடு காணல் வேண்டும். இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கியைத் தடைசெய்யும் 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் பொது நெருக்கடி வேளைக்கு விலக்கு அளித்துள்ளன. மௌத் அறிவிப்பைக் கேட்டவுடன் ஊரே அமைதியாகிச் செவிசாய்ப்பதை நாம் அறிவோம். அந்த நம்பகம் நம் ஜமாஅத்துகளிடம் ஏற்கெனவே உள்ள செல்வம். மின்சாரம் போனால் இயங்குதற்கு ஒரு மின்கலம் சேர்த்தால் போதும்.

மூன்றாவதாக, அறிவிப்பதற்கு முன் உறுதி செய்தல் வேண்டும். செய்தி கொணர்வோன் தீயோனாயின் அதனைத் தீர விசாரியுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்த நேரும் என்னும் கருத்தைத் திருமறையின் அல்ஹுஜுராத் அத்தியாயம் அறிவுறுத்துகிறது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்னும் எண்ணோ, வானொலி வழித் தொடர்போ உறுதி செய்யாத எச்சரிக்கையை ஒலிபெருக்கியில் ஏற்றலாகாது.

முடிவுரை

கருவியைச் சேர்ப்பது ஆர்வம். அதனை இயக்கக் கற்பது கல்வி. அதனை எப்போது இயக்கக்கூடாது என அறிவது ஒழுக்கம். இம்மூன்றும் ஒருங்கே அமைந்தவரிடமே எச்சரிக்கைக் கருவி பாதுகாப்பாக இருக்கும். துன்பம் வருமுன்னரே காத்துக்கொள்ளாதான் வாழ்வு தீக்கு எதிர்ப்பட்ட வைக்கோல் போன்றது என்னும் கருத்தை வள்ளுவர் வலியுறுத்தினார். நல்லவாட்டில் ஒருவர் கதவை உடைத்து ஒலிபெருக்கியைத் திறக்க நேர்ந்தது. நம் ஊர்களில் அக்கதவின் திறவுகோல் யார் கையில் உள்ளது, இரவு இரண்டு மணிக்கு அவரை எழுப்புவார் யார் என்னும் இரண்டு வினாக்களுக்கு விடை காண்பதிலிருந்து நம் பணி தொடங்கட்டும்.