செல்போன் தியேட்டருக்கு டிக்கெட் மலிவு ஏன்?

வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் தொழிலாளிக்கு இன்று செல்போன்தான் தியேட்டர். டிக்கெட்டும் மலிவு. காரணம் என்ன?

போட்டிதான்! 2016 ஜனவரியில் நெட்பிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தபோது, அதன் குறைந்தபட்ச மாதக் கட்டணம் ரூ.500. சாதாரணக் குடும்பத்துக்கு அது கட்டுபடி ஆகுமா? 2019-ல் செல்போனில் மட்டும் பார்ப்பவர்களுக்கு ரூ.199 என்று இறங்கியது. 2021 டிசம்பரில் அதுவும் ரூ.149 ஆனது.

இலவசம் வந்தது

2023-ல் ஐ.பி.எல். கிரிக்கெட்டை "ஜியோ சினிமா" இலவசமாகவே காட்டியது. 5 ஆண்டு இணைய ஒளிபரப்பு உரிமைக்கு அதன் நிறுவனம் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகையோ ரூ.23 ஆயிரத்து 758 கோடி! அந்தப் பணத்தை விளம்பரத்தில்தானே எடுக்க வேண்டும்?

கடை குறைந்தது

2025 பிப்ரவரியில் ஜியோ சினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஒன்றாகிவிட்டன. அதே ஆண்டு ஜூனில், சந்தா கட்டியவர்களுக்கும் விளம்பரம் காட்டத் தொடங்கியது "பிரைம் வீடியோ". விளம்பரம் வேண்டாம் என்றால் மாதம் ரூ.129 கூடுதல் என்றது.

சந்தையில் கடை குறைந்தால், மிஞ்சிய கடைக்காரர் சொன்னதுதான் விலை. இனி மலிவு நீடிக்கும் என்று நம்புவதற்கில்லை.

வேண்டிய மாதத்துக்கு மட்டும் சந்தா கட்டலாம். வங்கிக் கணக்கில் தானாகப் பணம் பிடிக்கும் அனுமதியை மறக்காமல் ரத்து செய்யலாம். ஊருக்கு அனுப்பும் பணத்தில் துண்டு விழாது!