வெயில் நிலத்தில் பெய்த பெருமழை

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். அவ்வதிகாரத்தின் பத்துக் குறள்களுள் பெரும்பாலானவை மழை பொய்த்தால் நேரும் கேட்டையே பேசுகின்றன. பெய்யும் மழையும் கெடுக்க வல்லது என்பதற்கு இடம் தந்த குறள் ஒன்றே. வானம் பார்த்து வாழும் மக்களின் அச்சம் வறட்சியைப் பற்றியதாகவே இருந்தது என்பதற்கு இதுவே சான்று. 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்ட மக்கள் அந்த ஒரு குறளின் பொருளை நேரில் கண்டனர். அம்மழை எத்தகையது, ஏன் பெய்தது, நமக்கு உணர்த்தியது என்ன என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

வெயிலை நம்பிய வாழ்வு

தூத்துக்குடிக் கடற்கரை வெயிலால் வாழும் நிலம். தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துக்கொள்கிறது. இங்கு வந்து சேர்வது வறண்ட காற்றே. வடகிழக்குப் பருவமழை ஒன்றுதான் இதற்கு உற்ற துணை. மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 65 செ.மீ. மட்டுமே.

இக்குறையையே மக்கள் செல்வமாக்கிக்கொண்டனர். இந்திய மாநிலங்களுள் உப்பு விளைவில் குசராத்திற்கு அடுத்த இடத்தைத் தமிழகம் பெற்றிருப்பது பெரிதும் தூத்துக்குடி உப்பளங்களால்தான். மழைக்காலம் கழிந்தபின் பாத்திகளைத் திருத்திக் கடல்நீரைப் பாய்ச்சுவர். வெயிலும் காற்றும் மீதிப் பணியைச் செய்யும். வாரிய உப்பு அம்பாரமாய்க் குவிந்து, விலைக்குக் காத்திருக்கும். கருவாடு காய்வதும் பனைத்தொழில் நடப்பதும் வெயிலின் அருளே. வீடுகளும் அவ்வாறே. அடைமழை நாடாகிய கேரளத்தில் கூரைகள் சரிந்து நிற்கும்; இங்கோ மொட்டை மாடியும் திறந்த முற்றமும் வழக்கம். சுருங்கக் கூறின், வாழ்வு முழுவதும் வெயிலுக்கென அமைந்தது.

ஒரு நாளின் அளவு

2023 டிசம்பர் 17ஆம் நாள் தொடங்கிய மழை விடாது பெய்தது. 18ஆம் நாள் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., திருவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை பதிவாயிற்று. ஓராண்டில் பெய்வதைவிட மிகுதியான மழை, காயல்பட்டினத்தில் ஒரு நாளில் பெய்துவிட்டது.

எண்ணைக் கேட்ட அளவில் இதன் கடுமை விளங்காது. ஒரு நாளில் 6.5 செ.மீ. அளவை எட்டினால் கனமழை, 11.5 செ.மீ. அளவைக் கடந்தால் மிகக் கனமழை, 20.4 செ.மீ. அளவைக் கடந்தால் அதிகனமழை என்பது வானிலைத் துறையின் வகைப்பாடு.  காயல்பட்டினத்து மழையோ அந்தக் கடைசி எல்லையைப்போல் நான்கரை மடங்கிற்கும் மேற்பட்டது. வேறொரு வகையாலும் கணக்கிடலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு செ.மீ. மழை பெய்தால் அது 10 லிட்டர் நீராகும். ஆகவே 100 சதுர மீட்டர் மொட்டை மாடி ஒன்றின்மேல் அன்று விழுந்தது 95,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் ஏறத்தாழ எட்டு, ஒவ்வொரு வீட்டின்மேலும் கவிழ்ந்ததாகக் கொள்க. எந்த வடிகால் இதனைத் தாங்கும்?

பெய்ததன் காரணம்

அன்று புயல் எதுவும் கரையைக் கடக்கவில்லை. குமரிக் கடற்பகுதியின் மேல் ஒரு வளிமண்டலச் சுழற்சி நிலைகொண்டிருந்தது. புயல் வந்தால் விரைந்து கடந்துபோகும். இச்சுழற்சியோ பெயராது நின்றது. கிழக்கிலிருந்து கடலின் ஈரத்தைச் சுமந்து வந்த காற்று தொடர்ந்து ஒரே பகுதியில் குவிந்து மேலெழுந்தது. மேகம் கலையுமுன் அடுத்த மேகம் வந்து சேர்ந்தது. வெப்பநிலை ஒரு செல்சியசு பாகை உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைக் கொள்ளும் என்பது அறிவியல் உண்மை. உலகம் வெப்பமடைந்துவரும் இந்நாளில், அரிதாய் வரும் பெருமழை முன்னினும் பெரிதாய் வரக்கூடும் என அறிஞர் எச்சரிப்பது இதனால்தான்.

நீர் தேடிய வழி

தாமிரபரணியில் வெள்ளம் வருவது புதிதன்று. 1992 நவம்பரிலும் பெருவெள்ளம் வந்தது. வழக்கமாகப் பொதிகையில் பெய்த மழை ஆற்றின் வழியே இறங்கிவரும். 2023இல் மாஞ்சோலை மலையிலும் 55 செ.மீ. பெய்தது, கீழே ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய சமவெளியிலும் பெய்தது. மேலிருந்து வந்த நீர், கீழே முன்பே தேங்கிக் கிடந்த நீரோடு கலந்தது. ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளுள் இறுதியானதாகிய திருவைகுண்டம் அணைக்கட்டின் வடகாலும் தென்காலும் பல குளங்களை நிரப்புவன. குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் நிறைந்து மறுகால் பாய்ந்தன, சில உடைந்தன. பிசானப் பருவத்து நெல்லும் வாழையும் மூழ்கின. உப்பளங்கள் கடலோடு கடலாயின. ஏரல், திருவைகுண்டம் முதலிய ஊர்கள் மின்சாரமும் தொலைபேசியும் சாலையும் இழந்து தீவுகளாயின.

துன்பத்தினிடையே ஒரு நன்னிகழ்ச்சியையும் குறிப்பிடல் வேண்டும். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு வண்டி, இருப்புப்பாதையின் அடிமண்ணை வெள்ளம் அரித்துவிட்டதால், திருவைகுண்டத்தில் ஏறத்தாழ 800 பயணிகளுடன் நின்றுவிட்டது. மீட்புக் குழுவினர் வந்து சேரும்வரை அவர்களுக்குச் சோறு சமைத்துக் கொடுத்தோர் அருகிலுள்ள புதுக்குடி ஊர் மக்கள். தம் ஊரும் வெள்ளத்தில் இருந்தபோது, முன்பின் அறியாதவர்க்கு அவர்கள் உலை வைத்தனர். விருந்தோம்பல் நூலில் மட்டும் வாழும் அறம் அன்று என்பதற்கு இது போதும்.

சொல் காத்த அறிவு

இம்மழை உணர்த்தும் பாடம் யாது? மழை குறைந்த நாட்டில் நீரின் வழி, ஆண்டின் பெரும்பகுதியும் வெற்றிடமாகவே தோன்றும். பத்தாண்டு நீர் ஓடாத ஓடையைக் காண்பவன் அதனை ஓடை என்று எண்ணுவதில்லை. மனை என்று எண்ணுகிறான். சாலையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே போடுவதால், திண்ணை வைத்து உயர்த்திக் கட்டிய வீடும் தெருவுக்குக் கீழாகிவிடுகிறது. மழை இந்த மறதியை அறியாது. அது தன் பழைய வழியிலேயே வரும்.

நம் முன்னோர் அவ்வழியைச் சொல்லில் எழுதிவைத்தனர். காயல் என்பது கடலையடுத்த உப்பங்கழி. காயல்பட்டினம், பழையகாயல், புன்னைக்காயல் என்னும் பெயர்களைச் சொல்லும்போதே நீரும் உடன் சொல்லப்படுகிறது. தூத்துக்குடி நகரை அடுத்த கோரம்பள்ளம் தன் பெயரிலேயே பள்ளத்தைக் கொண்டது. பண்டைத் துறைமுகமாகிய கொற்கை இன்று கடலை விட்டு உள்ளே கிடப்பது, ஆறு கொணர்ந்த வண்டலால் இந்நிலம் உருவானது என்பதைக் காட்டும். மடை, மறுகால், கலிங்கு, ஓடை, தாங்கல் ஆகிய சொற்கள் யாவும் நீருக்குக் கொடுத்த இடத்தின் பெயர்கள். சொல் வழக்கொழிந்தால் இடம் மறைகிறது; இடம் மறைந்தால் வெள்ளம் வீட்டிற்குள் வருகிறது.

எனவே தமிழ் பயிலும் மாணவர்க்கு இதில் ஒரு கடமை உண்டு. விடுமுறையில் ஊர் செல்லும்போது முதியோரை அணுகி, ஊரின் ஓடைகள் எவை, மறுகால் நீர் எத்திசையில் போகும், எந்த ஆண்டு வெள்ளம் எந்தப் படிவரை ஏறியது என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும். 2023இன் வெள்ளக்குறியைப் பொதுச்சுவர் ஒன்றில் ஆண்டோடு பொறித்துவைத்தல் நன்று. கல்லூரிதோறும் ஒரு மழைமானி இருத்தல் வேண்டும். அதன் அளவை நாள்தோறும் பதிவது எளிய பணியே. ஊர்ப் பெரியவர்களும் வீட்டுக்கு வரைபடம் எழுதும் இளைஞர்க்கு, மனை வாங்குமுன் அதன் பழைய பெயரை விசாரிக்கச் சொல்லித்தரலாம்.

வெயில் நாடு மீண்டும் வெயில் நாடாகிவிடும். உப்பளங்களில் மீண்டும் உப்பு பூக்கும். ஈரம் காய்ந்ததும் நினைவும் காய்ந்துபோவதே நம் வழக்கம். வறண்ட நாளில் வெள்ளத்தை நினைவில் வைத்திருக்கும் ஊரே அடுத்த பெருமழையில் பிழைக்கும்.