தவறுகளைத் தாங்கும் ஏடு

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்பது நம் முன்னோர் வாக்கு. எழுத்திற் கண்டதையே நம்பிச் செய்தொழிலை மறந்தவனை நோக்கிச் சொல்லப்பட்டது அது. ஆயினும், செய்தொழிலையே நாடிச் சென்ற மாணாக்கர் சிலருக்கு ஏட்டுச் சுரைக்காயும் கறிக்கு உதவிய கதை ஒன்று உண்டு.

2004ஆம் ஆண்டு யூன் மாதம், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்தில், மாணவர்களுக்கான நீரடி ரோபோப் போட்டி நடைபெற்றது. மொன்றரே நகரிற் கடற்றொழில்நுட்பக் கல்விக்காக நிறுவப்பட்ட ‘மேற்’ நிலையம் 2002ஆம் ஆண்டு தொடங்கிவைத்த போட்டி அது. நீச்சல் தடாகத்தின் அடியில் மூழ்கிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் பகுதிகளைப்போலச் சில பொருள்கள் வைக்கப்பட்டிருக்கும். மாணவர் தாமே செய்த இயந்திரத்தை நீருக்குள் இறக்கி, கரையில் இருந்தபடியே, கமராத் திரையை மட்டும் பார்த்து அதனை இயக்குதல் வேண்டும். நீளம் அளத்தல், பீப்பாயிலிருந்து திரவம் எடுத்தல் முதலியன அவர்க்கு இடப்பட்ட பணிகள்.

அரிசோனா மாநிலத்தின் பாலைவன நகராகிய பீனிக்ஸிலிருந்து கார்ல் ஹேடன் உயர்தரப் பாடசாலை மாணவர் நால்வர் அங்குச் சென்றனர். மெக்சிக்கோவிலிருந்து சிறுவயதிற் குடிபெயர்ந்தோர். வதிவிட உரிமைப் பத்திரம் இல்லாதோர். ஏறத்தாழ 800 டொலர் திரட்டி, பி.வி.சி. குழாய்களை ஒட்டி அவர்கள் ஆக்கிய இயந்திரத்துக்கு, ஒட்டுப் பசையின் நாற்றம் காரணமாக ‘நாற்றம் பிடித்தவன்’ எனப் பொருள்படும் ‘ஸ்ரிங்கி’ என்னும் பெயர் வாய்த்தது. எதிர்நின்றோருள் உலகப் புகழ்பெற்ற மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தினரும் இருந்தனர். போட்டிக்கு முன் நிகழ்ந்த ஒத்திகையில் மின்னுறுப்புகள் இருந்த பெட்டிக்குள் நீர் கசிந்தது. பெண்கள் மாதவிடாய்க் காலத்திற் பயன்படுத்தும் உறிஞ்சு பஞ்சைக் கடையில் வாங்கி உள்ளே வைத்து, அறுந்த இணைப்புகளுக்கு இரவோடிரவாக ஈயப்பற்று வைத்து, மறுநாள் அவர்கள் தடாகத்தில் இறங்கினர்.

இந்நிகழ்ச்சி பின்னர் நூலாகவும் திரைப்படமாகவும் வெளிவந்து, உறிஞ்சு பஞ்சின் கதை ஊரறிந்ததாயிற்று. ஆனால் அதனினும் சிறந்த செய்தியொன்று புள்ளிக் கணக்கில் மறைந்து கிடக்கிறது. நீருள் ஆற்றிய பணிகளுக்கு மசாசூசெற்ஸ் குழு 48 புள்ளி பெற்று முன்னின்றது. பீனிக்ஸ் மாணவர் பெற்றவை 32 புள்ளிகளே. அவ்வகையில் அவர்க்கு மூன்றாமிடந்தான். அவர்களை முதலிடத்துக்கு உயர்த்தியவை, நடுவர் கேட்ட பொறியியல் வினாக்களுக்கு அளித்த விடைகளும், எழுதிக் கொடுத்த தொழில்நுட்ப அறிக்கையுமாம். தொழில்நுட்ப எழுத்துக்கான பரிசும் அவர்களுக்கே கிடைத்தது. ஆங்கிலம் தாய்மொழியல்லாத இளைஞர், எழுத்தினால் வென்றனர்!

குறிப்பேடு என்பது யாது?

நல்ல அறிக்கை கடைசி இரவில் எழுதி முடிப்பதன்று. மாதக் கணக்கில் நாள்தோறும் எழுதப்பட்ட பொறியியற் குறிப்பேடே அதற்கு விளைநிலம். மாணவர் நீரடி ரோபோப் போட்டிகளிற் குறிப்பேட்டுக்கு ஆசிரியர்கள் பேரிடம் அளிப்பதன் காரணம் இதுவே.

அதற்குரிய விதிகள் எளியவை. தாள் கழற்ற முடியாதவாறு கட்டப்பட்ட கொப்பியாக இருத்தல் வேண்டும். பக்கங்களுக்கு முன்னரே இலக்கமிடல் வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் திகதியும் எழுதியவர் பெயரும் வேண்டும். பென்சிலால் அன்றிப் பேனையால் எழுதுதல் வேண்டும். பிழையெனக் கண்டதை அழித்தலாகாது. ஒற்றைக் கோட்டால் அடித்து, அடியிலுள்ளது படிக்கத்தக்கதாக விட்டு, அருகே திருத்தம் எழுதுதல் வேண்டும். எக்காரணம் பற்றியும் தாளைக் கிழித்தலாகாது. அழகிய கையெழுத்து இங்கே கேட்கப்படுவதில்லை. நேர்மை ஒன்றே கேட்கப்படுகிறது.

இனி, எழுதப்படுவது யாது? ‘இன்று மோட்டர் பொருத்தினோம்’ என்பது நாட்குறிப்பு. எத்தனை வழிகளை எண்ணினோம், எதனை ஏன் தள்ளினோம், எதனை ஏன் கொண்டோம் என்பது பொறியியற் குறிப்பு. மூன்று மோட்டர் போதுமா, நான்கு வேண்டுமா என்று ஒரு மாலை முழுதும் வாதிட்ட மாணவர், முடிவை மட்டும் நினைவில் வைத்துக் காரணத்தை மறந்துவிடுவர். மூன்று மாதங் கழித்து நடுவர் “ஏன்?” என்று கேட்கும்போது காரணமே விடையாகும்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். இயந்திரம் 4 லீற்றர் நீரை இடம்பெயர்க்கிறது எனக் கொள்வோம். நன்னீர்த் தடாகத்தில் அது பெறும் மேலுதைப்பு ஏறத்தாழ 4 கிலோகிராம் எடைக்குச் சமம். மிதவைத் துண்டுகளைக் கூட்டியும் குறைத்தும், மூழ்காமலும் மேலெழாமலும் இடைநிற்குமாறு மாணவர் அதனைச் சமன்செய்துவிட்டனர். பின்னர் அதே இயந்திரத்தைக் கடலில் இறக்கினால் என்னாகும்? கடல்நீர் லீற்றருக்கு ஏறக்குறைய 25 கிராம் கூடுதல் எடையுடையது. ஆகவே 100 கிராம் அளவுக்கு மேலுதைப்பு மிகும். இயந்திரம் கீழிறங்க மறுக்கும். ‘சமன் செய்தோம்’ என்று மட்டும் எழுதியவன் திகைப்பான். ‘நன்னீரிற் சமன் செய்தோம்; மிதவை இவ்வளவு, ஈயக்குண்டு இவ்வளவு’ என்று எழுதியவன் 100 கிராம் ஈயத்தைச் சேர்த்துவிட்டு வேலையைத் தொடர்வான்.

மற்றொன்று: பற்றரி 12 வோல்ற்று. கரையிலிருந்து இயந்திரத்துக்குச் செல்லும் வடத்தின் போக்குவரவுத் தடை 0.3 ஓம். மோட்டர்கள் ஒருங்கே சுழன்று 10 அம்பியர் மின்னோட்டத்தை இழுத்தால், 3 வோல்ற்று வடத்திலேயே இழக்கப்படும்; இயந்திரத்தை அடைவது 9 வோல்ற்றே. மேசையிற் குறுங்கம்பியால் இணைத்துச் சோதித்தபோது விரைந்து சுழன்ற விசிறி, தடாகத்தில் ஏன் சோம்பியது என்பதற்கு இக்கணக்கே விடை. இரு சோதனைகளின் அளவீடுகளும் ஏட்டில் இல்லையேல், குற்றமற்ற மோட்டரைக் கழற்றி எறிவதே நடக்கும்.

‘சீபேர்ச்’ எனப்படும் பாடசாலை நீரடி இயந்திரத்திற் சிறு மோட்டர்களைப் புகைப்படச் சுருள் வைக்கும் சிமிழ்களுள் இட்டு, உருக்கிய மெழுகை ஊற்றி நீர்புகாமற் காப்பதுண்டு. மோட்டரின் துளைகளை முன்னரே நாடாவால் ஒட்டி மூடுதல் வேண்டும். மறந்தால் மெழுகு உட்புகுந்து மோட்டரைக் கெடுத்துவிடும். ஒரு மோட்டர் இவ்வாறு கெட்டதென்றால் அதனை எழுதிவைக்க வெட்கம் எதற்கு? இவ்வாண்டு மாணவர் அடுத்த ஆண்டு பாடசாலையை விட்டு நீங்குவர், ஏடு நீங்காது. பின்வரும் மாணவன் அப்பக்கத்தைப் படித்து ஒரு மோட்டரைக் காப்பாற்றுவான்.

முன்னோர் காட்டிய வழி

இப்பழக்கம் இன்று தோன்றியதன்று. புத்தகங் கட்டும் தொழில் பயின்ற ஏழை இளைஞர் மைக்கல் பரடே, 1812ஆம் ஆண்டு ஹம்பிரி டேவியின் விரிவுரைகளைக் கேட்டு எழுதிய குறிப்புகளைத் தம் கையாலேயே கட்டி அவருக்கு அனுப்பினார். மறு ஆண்டே இலண்டன் ரோயல் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. பின்னாளில் 1832 முதல் தம் பரிசோதனைக் குறிப்புகளுக்குப் பந்திதோறும் இலக்கமிட்டு வந்தார். 1860இல் அவ்விலக்கம் 16,041 வரை சென்றிருந்தது. புவியீர்ப்புக்கும் மின்னுக்கும் தொடர்பு காண அவர் செய்த பரிசோதனைகள் பயன் தரவில்லை. அத்தோல்வியையும் அவர் மறைக்காது எழுதினார். உலகறிய வெளியிட்டும் வைத்தார்.

ஹார்வட் பல்கலைக்கழகத்திற் கட்டப்பட்ட ‘மார்க் 2’ கணிப்பொறி 1947ஆம் ஆண்டு செப்ரெம்பர் 9ஆம் திகதி பிழைபட்டது. ஆராய்ந்தபோது ஒரு ரிலேக்குள் அந்துப்பூச்சி அகப்பட்டிருக்கக் கண்டனர். அதனை எறியாது, நேரத்தையும் இடத்தையும் குறித்து, அப்பூச்சியையே நாடாவால் ஏட்டில் ஒட்டிவைத்தனர். வாஷிங்ரன் நகரிலுள்ள ஸ்மித்சோனியன் அரும்பொருட் சாலை அவ்வேட்டைப் பூச்சியுடன் இன்றும் பேணுகிறது.

நம் வகுப்பறையில்

இவற்றை எண்ணும்போது நம் ஆய்வுகூடக் கொப்பிகள் நினைவுக்கு வாராமற் போகா. ஊசலின் அலைவுக் காலத்தை அளந்து புவியீர்ப்பு ஆர்முடுகலைக் கணிக்கும் செய்முறையை அறியாத விஞ்ஞான மாணவர் இலர். விடை 9.8 என்று நூல் கூறுகிறது. நம் அளவீடோ 9.3 தருகிறது. அப்போது இறப்பரை எடுத்து அளவீட்டைத் திருத்தி, நூலின் விடைக்கு இசையச் செய்த சிறு பொய்யை நம்மிற் பலர் செய்திருக்கிறோம். கொப்பி அழகாயிற்று, புள்ளியும் கிடைத்தது. ஆனால் 9.3 ஏன் வந்தது என்னும் வினா அன்றே செத்தது. நூலின் நீளத்தைக் குண்டின் மையம்வரை அளவாது மேற்பரப்புவரை அளந்தோமோ, அலைவுகளைத் தவறாக எண்ணினோமோ என்று தேடியிருந்தால், அன்று ஊசலைப் பற்றி உண்மையிலேயே கற்றிருப்போம்.

இதில் மாணவரை மட்டும் நோதல் தகாது. அழகிய கொப்பிக்குப் புள்ளியும் அடித்தல் திருத்தல் நிறைந்த கொப்பிக்குக் கண்டனமும் வழங்கும் ஆசிரியர், தம்மை அறியாமலே பொய்யைப் பயிற்றுகிறார். பிழையான அளவீட்டை அப்படியே எழுதி, அதன் காரணத்தை ஆராய்ந்த மாணவனுக்கு ஒரு புள்ளி கூடுதலாக அளித்தால் என்ன?

தடாகத்தின் நீர் புகழுக்கும் பொய்க்கும் இணங்குவதில்லை. பெட்டியில் ஊசித்துளை இருந்தாலும் அது புகுந்துவிடும். ஏட்டில் மறைத்த கசிவு இயந்திரத்தில் வெளிப்பட்டே தீரும். நீருக்கு முன் தம் தவறுகளைத் தாமே கண்டு எழுதக் கற்ற மாணவர், பரிசு பெறினும் பெறாவிடினும், பொறியியலின் முதற்பாடத்தைக் கற்றவராவர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுவதும் உதவாததும், அந்த ஏட்டில் நாம் என்ன எழுதினோம் என்பதைப் பொறுத்ததே.