127 ஆண்டு ஓடிய ரயில் கம்பெனி மூடப்பட்ட கதை

அமெரிக்காவில் சரக்கு ரயில்களை ஓட்டுபவை தனியார் கம்பெனிகள். நம் நாட்டைப் போல அரசாங்க இலாகா அல்ல. கம்பெனி நொடித்துப் போனால் ரயிலும் நின்று விடும்.

அப்படி நின்று போன பெரிய கம்பெனி "ராக் ஐலண்டு". சிகாகோவைத் தலைமை இடமாகக் கொண்டு, 13 மாநிலங்களில் சுமார் 7,000 மைல் பாதை வைத்திருந்தது. 1980-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி அதன் ரயில்கள் ஓட்டத்தை நிறுத்தின.

லிங்கன் வாதாடிய வழக்கு

இதன் முதல் ரயில் 1852-ம் ஆண்டு அக்டோபரில், சிகாகோவிலிருந்து ஜோலியட் என்ற ஊருக்கு ஓடியது. மிசிசிப்பி ஆற்றின் குறுக்கே முதல் ரயில் பாலம் 1856-ல் இந்தப் பாதைக்காகவே கட்டப்பட்டது. திறந்த சில நாட்களில் ஒரு நீராவிப் படகு பாலத்தில் மோதித் தீப்பிடித்தது. படகுக்காரர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். பாலத்தின் தரப்பில் வாதாடிய வக்கீல்களில் ஒருவர், பின்னாளில் ஜனாதிபதியான ஆபிரகாம் லிங்கன்.

அத்தனை புகழ் பெற்ற கம்பெனிக்கு 20-ம் நூற்றாண்டில் சோதனை மேல் சோதனை. சிகாகோவுக்கும் ஓமஹாவுக்கும் இடையே மட்டும் 6 கம்பெனிகள் போட்டி போட்டன. தானியம் ஏற்றும் கிளைப் பாதைகளில் வருமானம் குறைவு. 1956-க்குப் பிறகு நாடெங்கும் பெரிய நெடுஞ்சாலைகள் போடப்பட்டன. சரக்கு லாரிக்குப் போயிற்று.

பத்து ஆண்டு காத்திருப்பு

1964-ல் பிழைக்க ஒரு வழி தென்பட்டது. பணபலம் மிக்க யூனியன் பசிபிக் கம்பெனி, ராக் ஐலண்டைத் தன்னோடு சேர்த்துக் கொள்ள முன்வந்தது. அதற்கு அரசாங்கத்தின் மாநில இடை வர்த்தகக் கமிஷன் அனுமதி தர வேண்டும். மற்ற கம்பெனிகள் ஆட்சேபித்தன. விசாரணை இழுத்துக் கொண்டே போயிற்று.

"எப்படியும் இணைப்பு வரும்" என்ற நம்பிக்கையில் ராக் ஐலண்டு பராமரிப்பைத் தள்ளிப் போட்டது. கட்டைகள் உளுத்தன. சில இடங்களில் ரயில் மணிக்கு 10 மைல் வேகத்தில் ஊர்ந்தது. 1974-ன் இறுதியில் நிபந்தனைகளுடன் அனுமதி கிடைத்தபோது, பாதை இருந்த நிலையைப் பார்த்து யூனியன் பசிபிக் பின்வாங்கி விட்டது. 1975 மார்ச்சில் ராக் ஐலண்டு மூன்றாவது முறையாகத் திவால் ஆயிற்று.

குமாஸ்தாக்கள் வேலை நிறுத்தம்

திவாலான பிறகும் கோர்ட்டு நியமித்த நிர்வாகியின் கீழ் ரயில்கள் ஓடின. மற்ற ரயில்வேக்களில் கிடைத்த சம்பள உயர்வைத் தங்களுக்கும், பாக்கியோடு தரவேண்டும் என்று ஊழியர்கள் கேட்டார்கள். கையில் பணம் இல்லை என்றது நிர்வாகம். 1979 ஆகஸ்டு 28-ந் தேதி குமாஸ்தாக்கள் சங்கம் வேலை நிறுத்தத்தில் இறங்கியது.

ஜனாதிபதி கார்ட்டர் தலையிட்டும் சமரசம் ஏற்படவில்லை. ரயிலை ஓட்டும் பொறுப்பு தற்காலிகமாக வேறு கம்பெனியிடம் கொடுக்கப்பட்டது. 1980 ஜனவரியில், "இனி இதைச் சீரமைக்க முடியாது; சொத்துக்களை விற்று விடுங்கள்" என்று நீதிபதி உத்தரவிட்டார்.

குமாஸ்தாக்கள்தான் கம்பெனியைக் கவிழ்த்தார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் பத்து ஆண்டு இழுத்த விசாரணையும், உளுத்த கட்டைகளும் அவர்கள் செய்தவை அல்ல.

யாருக்குக் கிடைத்தது பணம்?

பாதையை வாங்கிய கம்பெனிகளில் சிலருக்கு வேலை கிடைத்தது. கிடைக்காதவர்களுக்காக அமெரிக்க காங்கிரஸ் 1980-ல் ஒரு சட்டம் இயற்றியது. கம்பெனியின் சொத்திலிருந்து ஏழரைக் கோடி டாலர் வரை ஊழியர்களுக்கு நஷ்டஈடு தரவேண்டும் என்றது அந்தச் சட்டம். கடன் கொடுத்தவர்களின் நலனுக்கு விரோதம் என்று நிர்வாகி கோர்ட்டுக்குப் போனார்.

1982-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. திவால் சட்டம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு கம்பெனிக்கு மட்டும் தனிச் சட்டம் செல்லாது என்பது தீர்ப்பு. சட்டப்படி நியாயம்தான். ஆனால் அந்த நஷ்டஈடு ஊழியர்களுக்குக் கிடைக்காமல் போயிற்று.

ஓடும்போது நஷ்டம் காட்டிய கம்பெனி, விற்றபோது பணம் குவித்தது. தண்டவாளம், நிலம், எஞ்சின், வாகன் எல்லாவற்றுக்கும் விலை கிடைத்தது. ஒரு பாதை மட்டும் 9 கோடியே 30 லட்சம் டாலருக்குப் போயிற்று. கடன் கொடுத்தவர்கள் அனைவருக்கும் பாக்கி தீர்ந்தது. மிச்சப் பணத்தோடு பெயரை மாற்றிக் கொண்ட கம்பெனி, 1985-ல் வீட்டுத் தூசியை உறிஞ்சும் இயந்திரம் செய்யும் ஹூவர் நிறுவனத்தை வாங்கியது!

முதல் ரயில் ஓடிய சிகாகோ - ஜோலியட் பாதையில் இன்றும் புறநகர் ரயில்கள் ஓடுகின்றன. அலுவலகம் போகிறவர்கள் தினமும் அதில் ஏறி இறங்குகிறார்கள். அந்தத் தடத்துக்கு மட்டும் ராக் ஐலண்டு என்ற பெயர் நிலைத்திருக்கிறது.