நேபாளி பேசுவோர் எத்தனை பேர்? படிவத்தைப் பொறுத்தது

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குக் குறித்த நாள் 2027 மார்ச் 1. தாய்மொழிக் கட்டம் பற்றி வரும் வாசகர் கடிதங்களில் ஒரு குழப்பம் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது: நேபாளி, கோர்க்காலி, நேபாள பாஷா மூன்றும் ஒன்றா?

முதல் இரண்டும் ஒன்று. மூன்றாவது, காத்மாண்டு பள்ளத்தாக்கின் நேவார் மக்கள் பேசும் திபெத்திய-பர்மிய மொழி. நேபாளம் என்பதே முதலில் அந்தப் பள்ளத்தாக்கின் பெயர்தான். நிலம் அவர்களுடையது, பட்டா வேறு மொழியின் பெயரில் இருக்கிறது. இன்றைய நேபாளியான அந்த வேறு மொழி மேற்கே சிஞ்சாவில் காஸ் குராவாக இருந்தது; கோர்க்கா அரசர் பிருத்வி நாராயண் ஷா 1768இல் காத்மாண்டுவைப் பிடித்தபின் கோர்க்காலி ஆனது. 1820இல் கல்கத்தாவில் இலக்கணம் வெளியிட்ட ஏட்டன் என்ற ஆங்கிலேயர் அப்போதே 'நேபாள மொழி' என்று எழுதிவிட்டார். நேபாள அரசின் பதிப்புக் குழுவோ 1913இல் 'கோர்க்கா பாஷா' என்ற பெயரில்தான் தொடங்கியது. 'நேபாளி'க்கு மாறியது 1930களில்.

பெயர் மாறினால் தலைக்கணக்கும் மாறும். நேபாளத்தில் நேபாளியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2001இல் 48.61 சதவீதம், 2011இல் 44.64. மொழி தேய்ந்துவிட்டதா? இல்லை. முன்பு நேபாளிக்குள் அடங்கியிருந்த தூர மேற்கு மலைப் பேச்சுகள் 2011இல் தனித்தனிப் பெயரோடு பட்டியலில் ஏறின: டோட்டேலி 7,87,827, பைதடேலி 2,72,524, அச்சாமி 1,42,787, பஜாங்கி 67,581. இந்த நான்கு மட்டுமே மக்கள்தொகையில் 4.8 சதவீதம். திருப்பிச் சேர்த்தால் நேபாளி 49ஐத் தாண்டிவிடுகிறது! மலையில் யாரும் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. நேற்றுவரை வட்டார வழக்கு, இன்று மொழி.

இந்தியாவில் இதே செக்கு எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. 2011இல் மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. அலுவலக மேசையில் அவை 1,369 ஆகி, மறுபடி தொகுக்கப்பட்டு 121 மொழிகளாயின. இதற்கு அரசு வைத்திருக்கும் பெயர் 'சீரமைப்பு'. நேபாளிக்கு உரிய 29,26,168 என்ற எண் இந்த மேசையைக் கடந்து வந்ததுதான். கதவு திறந்து பதில் சொன்னவருக்கு, தன் பெயர் எந்தத் தலைப்பின்கீழ் போய்ச் சேர்ந்தது என்பது தெரியாது.

டார்ஜிலிங்கில் இது வெறும் பெயர்ச் சண்டை அல்ல. 'நேபாளி' என்றால் வெளிநாட்டவர் என்று ஒதுக்கிவிடுவார்கள் என்பதால், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் 'கோர்க்கா பாஷா' என்றே வர வேண்டும் என்றார் கோர்க்காலாந்து இயக்கத் தலைவர் சுபாஷ் கீசிங். 1992இன் 71ஆம் திருத்தம் 'நேபாளி' என்றே சேர்த்தது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக: நேபாளி இந்தியின் கிளையா? இல்லை; குமாவோனிக்கு நெருங்கிய பஹாடி மொழி.

எழுத்து? தேவநாகரி.

அகராதி? கூர்க்கா படையில் இருந்த டர்னர் 1931இல் வெளியிட்டது.

கட்டத்தில் எதைச் சொல்வது? சிறுவயதில் தாய் பேசிய மொழியை. கணக்கெடுப்பின் விளக்கமும் அதுதான்.