குளியலறையில் பிளக் பாயிண்ட்: கரிசல் மண்ணில் எர்த் மட்டும் போதுமா?

மார்கழிக் குளிரில், ஃபஜ்ருக்கு முன் கடமையான குளிப்புக்கு வெந்நீர் தேடும்போதுதான் பாத்ரூமில் ஒரு பிளக் பாயிண்ட் இருந்தால் நல்லது என்று தோன்றும். தாராளமாக வைக்கலாம். ஆனால் குளத்தூர், கோவில்பட்டி பக்கத்து வீடுகள் மண்ணையும் பார்க்க வேண்டும். கரிசல் மண் கோடையில் காய்ந்து பாளமாக வெடிக்கும். எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றாவிட்டால் பிளக்கின் மூன்றாவது கம்பி பெயருக்குத்தான் இருக்கும்.

ஆகவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அவசியம். மின்கசிவு ஏற்பட்டால் அது நொடிக்குள் இணைப்பைத் துண்டிக்கும். எர்த் நன்றாக இருந்தால் கசிந்ததுமே டிரிப் ஆகும். காய்ந்திருந்தால் ஆள் தொட்ட பிறகுதான். எனவே இரண்டும் வேண்டும். “எம்.சி.பி. இருக்கிறதே” என்பார்கள். அது வயரைக் காக்கும், ஆளைக் காக்காது.

உயிரைப் பாதுகாப்பது ஷரீஅத்தின் ஐந்து அடிப்படை நோக்கங்களில் ஒன்று. இந்தச் செலவை வீண்விரயமாக எண்ண வேண்டாம்.

2000 வாட் கீசர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பாயிண்ட், அதற்கெனத் தனி வயர் கேளுங்கள். பாயிண்ட் தண்ணீர் தெறிக்காத உயரத்திலும், சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியிலும் இருக்கட்டும். வாளியில் போடும் ஹீட்டர் ராடுக்காக மட்டும் பாயிண்ட் வைக்காதீர்கள். அதற்கு அடுப்பு வெந்நீரே மேல். வேலையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடமே கொடுங்கள். முடிந்ததும் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை உங்கள் முன்னால் அழுத்திக் காட்டச் சொல்லுங்கள்.