வெள்ளம் வடிந்த பிறகும் ஆபத்து!

2005 ஆகஸ்ட் 29ஆம் தேதி அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தைத் தாக்கிய கத்ரீனா சூறாவளியால், நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஏறத்தாழ 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. காற்று ஓய்ந்த பிறகும் நோயும் நச்சும் மக்களைத் துரத்தின.

வெள்ளநீரில் பரவிய விப்ரியோ கிருமியால் 22 பேர் பாதிக்கப்பட்டனர், ஐவர் உயிரிழந்தனர். பெரும்பாலோருக்கு அக்கிருமி காயங்கள் வழியாகவே உடலில் புகுந்தது. மின்சாரம் இல்லாமல் ஜெனரேட்டர் ஓட்டியவர்களில் சிலரைக் கார்பன் மோனாக்சைடு பலிகொண்டது. மணமோ நிறமோ இல்லாத வாயு என்பதால், ஆபத்தை அவர்கள் உணரவே இல்லை.

வீடு திரும்பியவர்கள் கண்டது, சுவரெங்கும் படர்ந்த பூஞ்சை. வீடிழந்தோருக்கு அரசாங்கம் தந்த டிரெய்லர் வீடுகளிலும் நிம்மதி இல்லை. ஒட்டுப்பலகைகளிலிருந்து கசிந்த ஃபார்மல்டிஹைடு வாயு கண்ணையும் தொண்டையையும் உறுத்தியது. அதன் அளவு வழக்கத்தைவிட அதிகம் என்பதை 2008இல் அரசாங்கச் சோதனையே உறுதிசெய்தது.

ஆண்டிறுதிப் பருவமழையில் வெள்ளம் பார்க்கும் நமக்கும் இதில் பாடம் உண்டு. வீட்டைக் கழுவும்போது காலில் பூட்ஸ், கையில் கையுறை கட்டாயம். காயம் இருந்தால் வெள்ளநீரில் இறங்காதீர்கள். ஜெனரேட்டர் வீட்டுக்கு வெளியே, சன்னலுக்குத் தொலைவில் இருக்கட்டும். ஊறிப்போன மெத்தையைக் காயவைத்துப் பயன்படுத்தும் சிக்கனம் வேண்டாம், தூக்கி எறியுங்கள்.